பெட்டி மேல் எழுதிய எண்ணும் வீட்டுக்குள் வந்து சேரும் பயனும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்துப் படித்தபோது, ஊரும் வயதும் வேறுபட்டாலும் பெரும்பாலானவற்றில் ஒரே மனக்குறை இருப்பதைக் கண்டேன். காசு கொடுத்தது ஒன்றுக்கு, கைக்கு வந்தது வேறொன்று என்பதே அது. விளம்பரத்தில் அச்சடிக்கப்படும் எண் பொய்யாக இருப்பது அபூர்வம். அந்த எண் எதை அளக்கிறது என்பதை நமக்கு யாரும் சொல்வதில்லை என்பதே உண்மையான சிக்கல். அதனால் இம்முறை குறைவான கேள்விகளை எடுத்துக்கொண்டு, அவற்றுக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் 100 எம்.பி.பி.எஸ். ஃபைபர் இணைப்பு வைத்திருக்கிறோம். கணினியில் எதைப் பதிவிறக்கினாலும் வேகம் 11 எம்.பி.க்கு மேல் காட்டியதே இல்லை. பின்னறையில் உட்கார்ந்து படிக்கும் மகளுக்கு இணைய வகுப்பு பாதியில் நின்று நின்று வருகிறது. கேட்டால் 200-க்கு மாறிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். நாங்கள் ஏமாற்றப்படுகிறோமா? (குடும்பத் தலைவி, நாமக்கல்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகள் கலந்திருக்கின்றன. முதலாவது குறையே அல்ல. இரண்டாவது உண்மையான குறை. ஆனால் அதற்கு மருந்து 200-க்கு மாறுவது அன்று.

இணைப்பின் வேகத்தை நிறுவனங்கள் மெகாபிட்டில் சொல்கின்றன. கோப்பின் அளவையும் பதிவிறக்க வேகத்தையும் உங்கள் கணினி மெகாபைட்டில் காட்டுகிறது. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட்தான், அதிலும் தகவலைப் பொட்டலம் கட்டி முகவரி ஒட்டி அனுப்புவதற்கே ஒரு பங்கு செலவாகிவிடும். நீங்கள் பார்க்கும் 11 என்பது, நீங்கள் கட்டும் பணத்துக்கு முழுமையாகக் கிடைக்கும் வேகம். ஒன்றரை ஜிபி அளவுள்ள ஒரு கோப்பு இந்த வேகத்தில் இரண்டேகால் நிமிடத்தில் இறங்கிவிடும். இரண்டு அளவுகளையும் ஒரே மாதிரி 'எம்.பி.' என்று சுருக்கி எழுதும் பழக்கத்தால் எத்தனையோ வீடுகளில் இந்த மனவருத்தம் ஏற்படுகிறது.

பின்னறைக்கு வருவோம். சென்ற தை மாதம் ஈரோட்டில் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது இதே புகாரைக் கேட்டேன். ரவுட்டரைத் தேடிப் பார்த்தால், அது கூடத்து மூலையில் இரும்பு பீரோவின் தலைமேல், ஒரு டிரங்குப் பெட்டிக்கும் துணி சுற்றிய பித்தளைக் குத்துவிளக்குக்கும் நடுவே, சுவரோடு ஒட்டிக் கிடந்தது. இணைப்பு கொடுக்க வந்தவருக்கு வயரை இழுக்க வசதியான இடம் அது. வீட்டில் யாருக்கும் அது வசதியான இடமாக இல்லை. கூடத்தில் நின்று வேகத்தைச் சோதித்தபோது 90-ஐத் தாண்டியது. இரண்டு சுவர் தாண்டிய பின்னறையில் அதே கைபேசியில் 6-தான் வந்தது. மறுநாள் இணைப்பு ஊழியரை வரவழைத்து, வயரை நீட்டி, ரவுட்டரை நடைபாதையில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை அடித்து அதன்மேல் திறந்த நிலையில் வைத்தோம். பின்னறையில் வேகம் 50-க்கு மேல் போயிற்று. மாதக் கட்டணத்தில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.

வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால் செங்கல் சுவரிலும் கான்கிரீட்டிலும் சீக்கிரம் வலுவிழந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் குறைந்தது. சுவரைத் தாண்டிச் செல்வதில் கெட்டிக்காரன். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதே 2.4 பகுதியிலேயே இயங்குவதால், அடுப்பு ஓடும் நேரத்தில் வகுப்பு திணறினால் வியப்படைய வேண்டாம். இரும்பு பீரோ, பெரிய நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஆகிய மூன்றும் அலைக்கு மிகப் பெரிய தடைகள். ரவுட்டரை நகர்த்தவே முடியாத வீடாக இருந்தால், பின்னறை வரை ஒரு லேன் கேபிளை இழுத்து அங்கே இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வைப்பது நிரந்தரத் தீர்வு.

மேல்திட்டத்துக்கு மாறும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். மடிக்கணினியை லேன் கேபிளால் ரவுட்டரோடு நேரடியாக இணைத்து, காலையிலும் இரவு ஒன்பது மணிக்கும் வேகத்தை அளந்து குறித்து வையுங்கள். அங்கேயும் தொடர்ந்து 30, 40 என்றே வந்தால் தவறு நிறுவனத்தின் பக்கம் இருக்கிறது. புகார் எண் வாங்கிக்கொண்டு விடாமல் கேளுங்கள், தீராவிட்டால் நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். கேபிளில் 90-க்கு மேல் வந்தால் 200-க்கு மாறுவது வீண் செலவு. மிகத் துல்லியமான 4கே படத்துக்கே நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கும் வேகம் 15 எம்.பி.பி.எஸ்.தான். நான்கு பேர் உள்ள ஒரு வீட்டுக்கு 100 தாராளம்.

கேள்வி: 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் வாங்கினேன். என் கைபேசியின் பேட்டரி 5,000. இரண்டு முறை முழுதாக ஏற வேண்டாமா? ஒன்றரை முறைக்கே தீர்ந்துவிடுகிறது. கடைக்காரர் போலிப் பொருளைக் கொடுத்துவிட்டாரா? (கல்லூரி மாணவர், தூத்துக்குடி)

பதில்: பெரும்பாலும் போலியாக இராது. அந்த 10,000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி, அதாவது 10 ஆம்பியர்-மணி) என்பது உள்ளே இருக்கும் செல்லின் கணக்கு, அது 3.7 வோல்ட்டில் எழுதப்படுகிறது. பெருக்கிப் பார்த்தால் 37 வாட்-மணி ஆற்றல். வெளியே வரும்போது மின்சாரம் 5 வோல்ட்டுக்கு உயர்த்தப்படுவதால் அதே ஆற்றல் 7,400 எம்.ஏ.எச். ஆகிவிடும், மாற்றும்போது சூடாக வீணாவது போக ஆறாயிரத்துச் சொச்சம் மிஞ்சும். உங்கள் கைபேசியின் 5,000-மும் 5 வோல்ட்டில் அல்ல, செல்லின் வோல்ட்டை ஒட்டியே எழுதப்படுவதால் ஒன்றரை முறை ஏறுவது சரியான கணக்குதான். பொருளின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். பல பவர் பேங்குகளில் இந்தச் சின்ன எண்ணையும் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். பெரிய எண்ணைப் பெட்டியின் முகப்பிலும் உண்மையில் பயன்படும் எண்ணைப் பின்புறத்தில் பூதக்கண்ணாடி வேண்டிய அளவிலும் போடுவது நேர்மையான வணிகம் அன்று என்பது என் கருத்து. விமானத்தில் போகிறவர்களுக்கும் வாட்-மணிக் கணக்குதான் முக்கியம்: 100 வாட்-மணிக்கு உட்பட்டதைக் கைப்பையில் கொண்டுபோகலாம், எந்த அளவானாலும் சரக்குப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது.

கேள்வி: இரவு முழுதும் சார்ஜில் போட்டால் பேட்டரி கெட்டுவிடும் என்று என் கணவர் நள்ளிரவில் எழுந்து பிடுங்குகிறார். 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றவே கூடாது என்கிறான் மகன். யார் சொல்வது சரி? மூன்று வருடமான என் போன் மிகவும் மெதுவாகிவிட்டது, புதிது வாங்கிவிடலாமா? (வங்கி ஊழியர், கும்பகோணம்)

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது, ஆனாலும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் அளவுக்கு அது பெரிய உண்மை இல்லை. பேட்டரி நிறைந்ததும் கைபேசியின் உள்ளே இருக்கும் சுற்று, மின்சாரம் ஏறுவதைத் தானே நிறுத்திவிடும். பானை நிறைந்த பிறகும் குழாய் ஓடிக்கொண்டிருப்பதைப் போன்ற நிலை அங்கே இல்லை. லித்தியம்-அயான் பேட்டரிக்கு உண்மையான பகை சூடு. முழுக்க நிறைந்த நிலையிலேயே பல மணி நேரம் வெப்பத்தில் இருப்பதுதான் அதை விரைவாக முதுமையாக்கும். ஆகவே தலையணைக்கு அடியிலும் மெத்தை மேலும் வைத்து சார்ஜ் போடாதீர்கள். அது பேட்டரிக்கு மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்து. சித்திரை வெயிலில் காரின் முன்கண்ணாடி அருகே போனை விட்டுச் செல்வது, ஒரு மாதம் இரவெல்லாம் சார்ஜ் போடுவதைவிடக் கெடுதல் என்றே சொல்வேன். 80 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளும் வசதி உங்கள் போனில் இருந்தால் இயக்கி வையுங்கள். வெளியூர் போகும் நாளில் தயங்காமல் நூறு வரை ஏற்றிக்கொள்ளுங்கள்.

மெதுவாகிவிட்ட போனைத் தூக்கிப் போடும் முன் பேட்டரியைச் சந்தேகியுங்கள். பழைய ஐபோன்களில் பேட்டரி தளர்ந்தால், போன் திடீரென அணைந்துவிடாமல் இருக்க அதன் வேகத்தை மென்பொருள் வழியே தாங்களே குறைப்பதாக ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அதுவரை, போனுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கியவர்கள் ஏராளம். எழுந்த எதிர்ப்பின் விளைவாக, பேட்டரி மாற்றும் கட்டணத்தை நிறுவனம் 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. பேட்டரியின் உடல்நிலையைப் பயனரே பார்க்கும் வசதி 2018-இல் வந்தது. எல்லா போன்களும் இப்படி வேகத்தைக் குறைப்பதில்லை. என்றாலும் இடம் நிறைந்துபோன நினைவகமும் தளர்ந்த பேட்டரியும்தான் பெரும்பாலான 'பழைய போன்' நோய்களுக்குக் காரணம். தேவையற்ற காணொளிகளை அழித்து, நம்பகமான இடத்தில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பாதுகாப்பு மேம்படுத்தல்கள் வருவது நின்றுபோயிருந்தால் மட்டும், வங்கிக் கணக்கைக் கையாளும் உங்களைப் போன்றவர்கள் புதியது வாங்குவதே நல்லது. பேட்டரி உப்பியிருந்தால் அன்றே பயன்பாட்டை நிறுத்துங்கள். அதை அழுத்தவோ துளையிடவோ வேண்டாம்.

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். பேசுவதைத் தவிர வேறெதற்கும் அது பயன்படாது. ஒவ்வொரு மாதமும் இணையத்துக்கும் சேர்த்து ரீசார்ஜ் செய்யச் சொல்வது எந்த நியாயம்? (சிவகங்கை)

பதில்: எந்த நியாயமும் இல்லை. இட்லி மட்டும் வேண்டுபவரை விருந்துச் சாப்பாட்டுக்குக் காசு கட்டச் சொல்வது போன்றது இது. இந்தக் குறை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் காதையும் எட்டி, 2024 டிசம்பரில் விதியே திருத்தப்பட்டது. ஒவ்வொரு நிறுவனமும் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் ஒன்றையாவது தனியாக வைத்திருக்க வேண்டும் என்றும், சிறப்புக் கட்டணத் திட்டங்களின் காலத்தை 90 நாள் உச்சவரம்பிலிருந்து 365 நாள் வரை நீட்டிக்கலாம் என்றும் அத்திருத்தம் சொல்கிறது. அடுத்த மாதமே அத்தகைய திட்டங்கள் சந்தைக்கு வந்தன. ஆனால் கடைக்காரர் அதைத் தாமாக எடுத்துச் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். 'டேட்டா இல்லாத, பேசுவதற்கு மட்டுமான திட்டம் வேண்டும்' என்று வாய்விட்டுக் கேளுங்கள். நீண்ட காலத் திட்டமாகப் பார்த்துப் போட்டுவிட்டால், மாதாமாதம் ரீசார்ஜ் தேதியை நினைத்து அம்மா கவலைப்பட வேண்டியிராது. விலை போதிய அளவு குறையவில்லை என்ற உங்கள் வருத்தத்தில் எனக்கும் பங்குண்டு.

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா தினமும் ஏதாவது ஒரு பொய்ச் செய்தியை அனுப்புகிறார். மறுத்துச் சொன்னால் மரியாதைக் குறைவு என்கிறார் அப்பா. சும்மா இருப்பதா? (விருத்தாசலம்)

பதில்: சும்மா இருக்க வேண்டாம், ஆனால் குழுவில் வைத்தும் மறுக்க வேண்டாம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த சென்னைக் குடும்பம் ஒன்று வழி கேட்க நின்ற இடத்தில், அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவிக்கொண்டிருந்த நேரம் அது. கூட்டம் அடித்ததில் 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அந்த ஆண்டு நாட்டின் பல பகுதிகளில் இதே வதந்தி உயிர்களைக் குடித்த பிறகே, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி 2018 ஜூலையில் இந்தியாவில் கட்டுப்பாடு வந்தது. மறு ஆண்டு அது உலகம் முழுவதற்குமானது. பல கைகள் மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கே அனுப்ப முடியும் என்ற கட்டுப்பாடு 2020 ஏப்ரலில் வந்தது. செய்தியின் தலைமேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது அந்த வகை என்று அறியுங்கள்.

பெரியப்பாவைத் தனியாகத் தொலைபேசியில் அழையுங்கள். 'தப்பு' என்ற சொல்லோடு தொடங்காமல், 'பெரியப்பா, இதை உங்களுக்கு யார் அனுப்பினார்கள்?' என்று கேளுங்கள். பெரும்பாலும் அவருக்கும் தெரிந்திராது. அந்த இரட்டை அம்புக்குறியை ஒருமுறை காட்டிக் கொடுங்கள். அவர் அனுப்பும் செய்திகளின் அடியில் இருப்பது, பிள்ளைகள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும் என்ற பதற்றமே; அதைப் புரிந்துகொண்டு பேசினால் மரியாதை குறையாது. மருந்து, குழந்தை, சாதிக் கலவரம், வங்கிக் கணக்கு ஆகியவை பற்றிய பொய் என்றால் மட்டும், காலம் தாழ்த்தாமல் அவரிடம் சொல்லிவிட்டுக் குழுவிலும் மறுப்பை எழுதுங்கள்.

கேள்வி: ஓர் அரசு உதவிபெறும் பள்ளியின் தலைமை ஆசிரியர் நான். பெற்றோருக்கு மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புகிறோம். தமிழில் அனுப்பினால் ஒரு செய்திக்கே இரண்டு, மூன்று செய்திக்கான கட்டணம் பிடிக்கிறார்கள். தமிழ் நீளமான மொழி, அதனால் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி அனுப்புங்கள் என்று அந்தச் சேவை நிறுவனத்தார் சொல்கிறார்கள். தமிழாசிரியரான எனக்கு மனம் ஒப்பவில்லை. செலவும் கட்டுப்படியாகவில்லை. என்ன செய்யலாம்? (உசிலம்பட்டி)

பதில்: ஐயா, இந்த மாதம் வந்த கடிதங்களிலேயே என்னை மிகவும் யோசிக்க வைத்தது உங்களுடையது. தமிழ் நீளமான மொழி என்று உங்களிடம் சொன்னவர் கணக்குப் போட்டுப் பார்க்காமல் சொல்லியிருக்கிறார். நாம் போட்டுப் பார்ப்போம்.

'நாளை பள்ளிக்கு விடுமுறை.' இந்த வரியைக் கணினி எண்ணும் முறையில், கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாகவும் இடைவெளிகளையும் முற்றுப்புள்ளியையும் சேர்த்தும் எண்ணினால் 24 குறியீடுகள் வருகின்றன. இதையே ஆங்கில எழுத்தில், நாளை என்பதற்கு ஆறு, பள்ளிக்கு என்பதற்கு எட்டு, விடுமுறை என்பதற்கு ஒன்பது என்று எழுதி, அதே இடைவெளியும் புள்ளியும் சேர்த்தால் 26 வருகிறது. தமிழ் எழுத்தில்தான் வரி சிறியது.

அப்படியானால் கட்டணம் ஏன் கூடுகிறது? செய்தி சிறியது, அதைப் போடக் கிடைக்கும் உறை அதைவிடச் சிறியது. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்துகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 7 பிட் போதும் என்று தொடக்கத்திலேயே வகுத்துவிட்டதால் அதில் 160 எழுத்து அடங்கும். தமிழ் எழுத்துக்கு, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு குறியீட்டு முறையில் 16 பிட் தேவைப்படுவதால் 70 குறியீடுகள்தான் அடங்கும். செய்தி அதைத் தாண்டினால், துண்டுகளை மறுமுனையில் ஒட்டுவதற்கான குறிப்புக்கும் இடம் விட வேண்டியிருப்பதால் ஒவ்வொரு துண்டிலும் 67-தான் கிடைக்கும். நடுவில் ஒரே ஒரு தமிழ் எழுத்து இருந்தாலும் முழுச் செய்தியும் 16 பிட் கணக்குக்கு மாறிவிடும். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு 7 பிட் அட்டவணைகள் உலகச் செல்பேசித் தரத்தில் பின்னாளில் சேர்க்கப்பட்டுத்தான் இருக்கின்றன. அவை நடைமுறையில் பரவாமல் ஏட்டிலேயே நின்றுபோனது நமக்கு நேர்ந்த இழப்பு.

ஆங்கில எழுத்தில் அனுப்பினால் யாருக்கு எட்டாது என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பெற்றோருக்கு எந்த வடிவத்தில் அனுப்பினாலும் புரியும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, தமிழை மட்டும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் தாய்க்கும், பேரனை வளர்க்கும் பாட்டிக்கும்தான் அந்தச் செய்தி மிகவும் தேவை. அவர்களையே நாம் வாசலில் நிறுத்திவிடுகிறோம். படிக்கத் தெரிந்தவருக்கும் அந்த எழுத்து குழப்பம் தருகிறது. ல, ள இரண்டும் அங்கே ஒரே எழுத்தாகிவிடுவதால் பள்ளிக்கும் பல்லிக்கும் வேறுபாடு தெரியாது. ழ-வையும் பலர் அதே எழுத்தில் எழுதிவிடுவதால் வலி, வழி இரண்டும் ஒன்றுபோலவே ஆகிவிடும். அறை எது, அரை எது என்று இடம் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கும். 'பிள்ளைக்கு வயிற்று வலி' என்ற செய்தியைப் படிக்கும் தாய் ஒரு நொடிகூட ஊகிக்க வேண்டிய நிலையில் இருக்கக் கூடாது.

இளைஞர்கள் நண்பர்களுக்குள் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிக்கொள்வதை நான் குறை சொல்லமாட்டேன். தமிழ் எழுத்துரு ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குக் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலத்தில் உருவாகி, கைப்பழக்கமாகிப் போன வழி அது. ஆனால் அந்தக் காலம் முடிந்துவிட்டது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற கைபேசி மென்பொருள் வழியாக, 2005-ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப முடிந்தது. சென்னையில் 1999-இல் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி உருவான தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் வரும். 'க' விசையை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழுந்து 'க்க' ஆகிவிடும். 'பள்ளிக்கு' என்று எழுத அதில் ஏழு தட்டு, ஆங்கில எழுத்தில் எட்டு. இரண்டு வாரம் பழகினால் விரல்கள் வசப்படும். உங்கள் பள்ளிக் கணினி அறையில் மாணவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் இதைக் கற்றுக்கொடுக்க முடிந்தால், அது அவர்களுக்கு வாழ்நாள் முழுதும் உதவும்.

செலவுக்கு வழி சொல்கிறேன். செய்தியை 70 குறியீடுகளுக்குள் அடக்குவதை ஒரு பயிற்சியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 'மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு அன்பு வணக்கங்கள்' என்று தொடங்கினாலே ஓர் உறையில் மூன்றில் இரண்டு பங்கு தீர்ந்துவிடும். அனுப்புநர் பெயர் தலைப்பில் வந்துவிடுவதால் பள்ளியின் பெயரை முழுதாக எழுதத் தேவையில்லை. 'வெள்ளி காலை 10 மணி பெற்றோர் கூட்டம். அவசியம் வருக.' இவ்வளவு போதும். இதை எண்ணிப் பார்த்தேன், 70-க்குள் அடங்கிவிடுகிறது. தமிழாசிரியர் நீங்கள், சுருங்கச் சொல்லி விளங்க வைக்க உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நீண்ட செய்திகளை இணைய வசதியுள்ள பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் தமிழிலேயே அனுப்பிவிட்டு, பட்டன் போன் வைத்திருப்போருக்கு மட்டும் குறுஞ்செய்தி அனுப்பினால் செலவு கணிசமாகக் குறையும். எழுதப் படிக்க இயலாத பெற்றோர் இருக்கும் வீடுகளுக்குப் பதிவுசெய்த குரல் அழைப்பே சிறந்தது. அதில் உங்கள் குரலே ஒலிக்கட்டும்.

கேள்வி: எங்கள் மகளிர் விடுதியில் மாலை ஆறு மணிக்குக் கைபேசிகளை வாங்கி வைத்துக்கொண்டு இரவு பத்து மணிக்குத்தான் தருகிறார்கள். பாடக் குறிப்புகள் எல்லாம் இணையத்தில்தான் இருக்கின்றன. இது சரியா? (இரண்டாம் ஆண்டு மாணவி, ஊர் பெயர் வேண்டாம்)

பதில்: உங்கள் நிலையிலேயே இருந்த ஒரு மாணவி உயர் நீதிமன்றம் வரை சென்றிருக்கிறார். கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரியின் மகளிர் விடுதியிலும் இதே ஆறு முதல் பத்து வரை என்ற விதிதான் இருந்தது. அதற்குக் கட்டுப்பட மறுத்ததால் அவர் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். ஃபஹீமா ஷிரின் வழக்கு என்று அறியப்படும் அதில் கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பர் 19 அன்று தீர்ப்பளித்தது. இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை, கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று கூறிய நீதிமன்றம், அவரை மீண்டும் விடுதியில் சேர்க்க உத்தரவிட்டது. கைபேசியால் மற்றவர்களுக்குத் தொந்தரவு நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற பொறுப்பையும், ஆசிரியர்களையோ விடுதிக் காப்பாளரையோ இழிவுபடுத்தும்படி நடக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும் அதே தீர்ப்பு சேர்த்தே விதித்தது.

கேரளத் தீர்ப்பு தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டாயமாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் எடுத்துக்காட்டி வாதிடத் தக்கது. நீங்கள் வழக்குக்குப் போக வேண்டிய தேவை வராது என்றே நம்புகிறேன். காப்பாளர் அம்மாவின் அச்சத்தையும் எண்ணிப் பாருங்கள்: ஏதாவது நடந்தால் பெற்றோர் முதலில் கேள்வி கேட்பது அவரைத்தான். ஆறு முதல் பத்து வரை என்பது நீங்கள் படிக்கும் நேரம். பிடுங்குவதாக இருந்தால்கூடப் பிடுங்கத் தகாத நேரம் அதுதான். அதை அப்படியே எழுதுங்கள். எந்தெந்தப் பாடத்தின் குறிப்புகள் இணையத்தில் மட்டும் கிடைக்கின்றன என்பதைத் துறைத் தலைவரின் கையொப்பத்தோடு இணைத்து, படிப்பு நேரத்தில் ஒலியை நிறுத்தி வைப்போம், அறையில் சத்தமாகப் பேச மாட்டோம், இரவு பதினொரு மணிக்கு மேல் பயன்படுத்த மாட்டோம் என்று நீங்களே எழுதித் தாருங்கள். ஒருவராகப் போகாமல், அறைக்கு ஒருவர் கையெழுத்திட்டு நான்கைந்து பேராகச் சென்று முதல்வரிடம் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புதல் கையொப்பம் வாங்கி ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.